பேரலல் போர்ட்டில் சாதனம் அறிதல்: லினக்ஸின் ஒரு பழைய சிக்கல்

1990களில் லினக்ஸ் இயங்கிய கணினிகளில், பேரலல் போர்ட்டில் மாட்டிய அச்சுப்பொறியும் வட்டு இயக்கியும் கண்டறியப்படாமல் போனதற்கான காரணத்தைத் தேடிச் சென்றால், அது அந்த இயங்குதளம் பிறப்பதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்னரே உருவாகிவிட்டது என்பது தெரியவரும். 1970இல் அமெரிக்காவின் செண்ட்ரோனிக்ஸ் நிறுவனம் தன் 101 என்னும் அச்சுப்பொறிக்காக வகுத்த இணைப்பில், எட்டு கம்பிகள் ஒரே நேரத்தில் எட்டு பிட்டுகளை, அதாவது ஓர் எழுத்தை, அச்சுப்பொறிக்குச் சுமந்து சென்றன. எதிர்த்திசையில் வந்தவை தாள் தீர்ந்தது, வேலையில் இருக்கிறது, பிழை நேர்ந்தது என்பன போன்ற சில நிலைக் குறிப்புகள் மட்டுமே. தான் இன்ன சாதனம் என்று அச்சுப்பொறி சொல்லிக்கொள்ள அதில் வழியே இல்லை.

1981இல் ஐபிஎம் பிசி இதே ஏற்பாட்டை 25 ஊசி இணைப்பானுக்கு மாற்றி எடுத்துக்கொண்டபோது, போர்ட்டுக்குரிய முகவரிகள் பதினாறடிமான எண்முறையில் 3பிசி, 378, 278 என வழக்கில் நிலைத்தன. முகவரி என்பது செயலி அந்தப் போர்ட்டின் பதிவகங்களை எட்டுவதற்கான எண். அந்த எண்ணில் என்ன இருக்கிறது என்பதை மென்பொருள் ஊகித்தே அறிய வேண்டியிருந்தது. லினக்ஸின் 2.0 வரிசைக் கெர்னலில், அதாவது இயங்குதளத்தின் மையக் கருவில், இருந்த 'எல்பி' என்னும் இயக்கநிரல், ஒவ்வொரு முகவரியிலும் ஒரு மதிப்பை எழுதிவிட்டு அதையே திரும்பப் படித்துப் பார்த்தது. எழுதியது அப்படியே வந்தால் அங்கே போர்ட் உண்டு என்று முடிவு செய்தது. இச்சோதனை போர்ட்டைக் கண்டதேயொழிய அச்சுப்பொறியைக் காணவில்லை. ஆகவே, கணினி தொடங்கும்போது போர்ட் கண்டறியப்பட்டதாகச் செய்தி வந்தும் அச்சு வராத நிலையும், கம்பியே மாட்டப்படாத போர்ட் பட்டியலில் இடம்பெறும் நிலையும் இயல்பாக நேர்ந்தன. பழுது தேடியவர்கள் அதற்குப் பிறகே பயாஸ் அமைப்பில் முகவரி சரியா என்றும், போர்ட்டுக்கு வழக்கமாக ஒதுக்கப்பட்ட 7ஆம் இடையீட்டுக் குறிப்பை, அதாவது செயலியின் கவனத்தை இழுக்கும் மின்குறிப்பை, ஒலி அட்டை எடுத்துக்கொண்டதா என்றும் பார்க்க வேண்டியிருந்தது.

ஐயோமெகா நிறுவனத்தின் ஸிப் டிரைவ் 1990களின் நடுவில் வந்தபோது சிக்கல் இருமடங்காயிற்று. 100 மெகாபைட் கொள்ளும் வட்டை ஏற்ற அந்தச் சாதனம் உள்ளே ஸ்கஸி முறையில் இயங்கி, வெளியே பேரலல் போர்ட்டில் மாட்டிக்கொண்டு, அச்சுப்பொறிக்கெனத் தன் பின்புறத்தில் இன்னோர் இணைப்பானையும் வைத்திருந்தது. கம்பி வழியாக இரண்டும் சேர்ந்திருந்தாலும் மென்பொருளில் சேரவில்லை. ஸிப் டிரைவுக்கான 'பிபிஏ' இயக்கநிரலும் 'எல்பி'யும் போர்ட் முழுவதையும் தத்தமக்கே உரியதாகக் கருதியதால், ஒன்றை நினைவகத்திலிருந்து இறக்கிய பிறகே மற்றதை ஏற்ற முடிந்தது. ஏற்றிய பின்னும் ஒரு தடை இருந்தது: வட்டின் கோப்புகள் நான்காம் பிரிவில் இருந்தன. ஐயோமெகா வட்டுகளை அப்படித்தான் வடிவமைத்து விற்றது. இதை அறியாமல் முதற்பிரிவைத் திறக்க முயன்றவருக்கு டிரைவ் பழுதானதாகத் தோன்றியதில் வியப்பில்லை.

போர்ட்டை இரு இயக்கநிரல்கள் பகிர இயலாத சிக்கலுக்கு உண்மையான தீர்வு 1999 சனவரியில் வெளிவந்த 2.2 கெர்னலின் 'பார்போர்ட்' அடுக்கில் கிடைத்தது. பிலிப் பிளண்டெல், டிம் வா முதலானோர் உழைத்த இவ்வடுக்கு போர்ட்டின் உரிமையைத் தானே வைத்துக்கொண்டு, கேட்கும் இயக்கநிரல்களுக்கு முறைவைத்து வழங்கியது. ஆனால் இந்த நல்ல மாற்றமே புதிய குழப்பத்தையும் தந்தது. பழைய கெர்னலில் போர்ட்டின் எண் முகவரியோடு பிணைந்திருந்ததால், 378இல் உள்ள போர்ட் 'எல்பி1' எனப்பட்டது. புதியதில் முதலில் கிடைத்த போர்ட்டே 'எல்பி0' ஆனதால், கெர்னலை மாற்றியவுடன் அச்சு நின்றுபோன கணினிகள் பல. பழுது கம்பியில் இல்லை, அமைப்புக் கோப்பில் எழுதியிருந்த ஓர் எண்ணில் இருந்தது.

சாதனம் தன் பெயரைச் சொல்லும் வசதி 1994இன் ஐஇஇஇ 1284 தரநிர்ணயத்தில் வகுக்கப்பட்டிருந்தது: நிலைக் கம்பிகளில் நான்கைப் பயன்படுத்தி, ஒரு முறைக்கு நான்கு பிட்டாக, தயாரிப்பாளர் பெயரையும் மாதிரியையும் சாதனம் கணினிக்குத் திருப்பி அனுப்பலாம். லினக்ஸ் இதைப் பார்போர்ட்டோடு சேர்த்தே படிக்கத் தொடங்கியது. எனினும் தரநிர்ணயத்துக்கு முந்திய அச்சுப்பொறிகள் ஊமையாகவே இருந்தன. அவற்றுக்கு இயக்கநிரலை மனிதர்தான் தேர்ந்தெடுத்துக் கொடுக்க வேண்டியிருந்தது.

யுஎஸ்பி பரவியபின் விற்பனைக்கு வந்த மாற்றுக் கம்பிகள் அச்சுப்பொறிக்குப் போதுமானவையாக இருந்தன. போர்ட்டின் பதிவகங்களை அவற்றுள் பெரும்பாலானவை வெளிக்காட்டாததால், பேரலல் ஸிப் டிரைவை அத்தகையவற்றின் வழியே லினக்ஸால் அடைய இயலவில்லை. பேரலல் போர்ட்டில் மாட்டும் ஐடிஇ வட்டுகளுக்கும் சிடி இயக்கிகளுக்கும் துணைநின்ற 'பாரைட்' தொகுதி 2023இன் 6.3 கெர்னல்வரை நீடித்து, அதில் 'பாட்டா பார்போர்ட்' என்னும் புதிய தொகுதிக்கு இடம்விட்டது.