211 (சமூக உதவி வழிகாட்டு எண்)

வாடகை பாக்கி, மின்கட்டணம், உணவு, தங்குமிடம், முதியோர் பராமரிப்பு போன்ற தேவைகளுக்கு எங்கே போவது என்று தெரியாதவர்களுக்கு வழிகாட்ட அமெரிக்காவிலும் கனடாவிலும் இயங்கும் மூன்றிலக்கத் தொலைபேசி எண். 1997இல் அட்லாண்டா நகரில் யுனைடெட் வே அமைப்பு இதைத் தொடங்கியது. 2000 ஜூலையில் அமெரிக்கக் கூட்டாட்சித் தகவல் தொடர்பு ஆணையம் இந்த எண்ணை இப்பணிக்கென்றே ஒதுக்கியது. கனடாவில் முதலில் டொராண்டோவுக்கு 2002இல் வந்தது.

211 தன் கையால் பணமோ அரிசியோ தருவதில்லை; புதிதாக அழைப்பவர்கள் ஏமாறுவது பெரும்பாலும் இங்கேதான். எடுத்துப் பேசுபவர் ஊர், குடும்ப நிலை, வருமானம் ஆகியவற்றை விசாரித்து, பொருத்தமான உணவு வங்கி, தங்கும் விடுதி, அரசுத் திட்டம் எதுவென்று பார்த்துச் சொல்வார். வாடகைக்கு உதவி கேட்டு அழைத்தவர் வீட்டில் அடுப்பு எரிகிறதா என்பதையும் பக்குவமாகக் கேட்டறிவதில்தான் அவர் திறமை இருக்கிறது. பின்னணியில் உள்ள சேவைப் பட்டியலை ஓயாமல் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும்; மூடிய அலுவலகத்துக்கு ஆளை அனுப்புவது உதவியல்ல, அலைக்கழிப்பு. மொழிபெயர்ப்பாளர் வழியாகப் பல மொழிகளில் பேசலாம். டொராண்டோவில் தமிழிலும் பேச முடியும். உயிருக்கு ஆபத்தென்றால் அழைக்க வேண்டியது 911.