எண்ணூர் எண்ணெய்க் கசிவும் கரைத் தூய்மைப் பணியும்

எண்ணூர் எண்ணெய்க் கசிவு என்பது 2017 ஜனவரி 28 அன்று அதிகாலை, சென்னைக்கு வடக்கே காமராஜர் துறைமுகத்துக்கு அருகில் இரண்டு கப்பல்கள் மோதியதால் ஏற்பட்ட கடல் மாசுபாடு. சமையல் எரிவாயுவை இறக்கிவிட்டு வெளியேறிய பி.டபிள்யூ. மேப்பிள் கப்பலும், 32 ஆயிரம் டன்னுக்கு மேற்பட்ட பெட்ரோலியப் பொருள்களுடன் துறைமுகத்துக்கு வந்துகொண்டிருந்த டான் காஞ்சிபுரம் கப்பலும் மோதிக்கொண்டன. டான் காஞ்சிபுரத்தின் சரக்குக்குச் சேதமில்லை. அதன் சொந்த உபயோகத்துக்கான கனரக எரிபொருள் எண்ணெய்தான் கடலில் கலந்தது.

சென்னையில் தீயணைப்புத் துறை 1908 முதல் இயங்கி வருகிறது. அமெரிக்கா, ஜெர்மனி போன்ற நாடுகளின் சிற்றூர்களில் ஊர்மக்களே பயிற்சி பெற்று நடத்தும் தன்னார்வத் தீயணைப்புப் படைகள் உண்டு. இராயபுரம் முதல் எண்ணூர் வரையிலான தொழிற்பகுதியில் அப்படிப்பட்ட அமைப்பு வேரூன்றவில்லை. எனினும் ஆபத்து வந்தால் முதலில் இறங்குபவர்கள் குப்பத்து மக்களே. 2017இல் அது எல்லோருக்கும் தெரியும்படி நடந்தது.

சுற்றுச்சூழலுக்குப் பாதிப்பில்லை என்றே துறைமுகம் முதலில் அறிவித்தது. வெளியேறிய எண்ணெய் 20 டன் அளவே இருக்கும் என்றும் கூறப்பட்டது. பிந்தைய மதிப்பீடுகள் அதைப்போல ஏறத்தாழ பத்து மடங்கு காட்டின. அதற்குள் எண்ணெய் கடல் நீரோட்டத்தோடு தெற்கே நகர்ந்து எர்ணாவூர், திருவொற்றியூர், காசிமேடு, மெரினா என்று பரவியிருந்தது.

எர்ணாவூர் பாரதியார் நகர்க் கரையே மிக மோசமாகப் பாதிக்கப்பட்டது. கடலரிப்பைத் தடுக்கக் கொட்டிய பாறைகளும் தூண்டில் வளைவுகளும் எண்ணெயைப் பொறிபோலப் பிடித்து வைத்துக்கொண்டன. கனரக எண்ணெய் அலையில் அடிபட்டுக் கடல்நீரை உள்ளிழுத்துக் களிபோல் இறுகும்; அதன் கன அளவும் பெருகும். சென்னைக் குடிநீர் வாரியத்தின் உறிஞ்சு வாகனங்கள் கொண்டுவரப்பட்டன. அவை கழிவுநீருக்கானவை, இந்தக் களி குழாயில் ஏறவில்லை. எனவே வாளியும் குவளையும் வந்தன.

கடலோரக் காவல்படையினர், தீயணைப்பு வீரர்கள், ஒப்பந்தத் தொழிலாளர்கள், மீனவர்கள், கல்லூரி மாணவர்கள் என ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் பாறைகளில் வரிசையாக நின்று வாளிகளைக் கைமாற்றினர். தீ எரியும் வீட்டுக்குத் தண்ணீர் கடத்தும் பழைய முறைதான் அது. இங்கே தண்ணீருக்குப் பதில் எண்ணெய், திசையும் எதிர்த்திசை. முதல் நாள்களில் பலரிடம் முழு நீளக் கையுறையோ தகுந்த முகமூடியோ இல்லை. இத்தகைய எண்ணெயில் உள்ள வளைய ஹைட்ரோகார்பன்கள் தோல்வழியும் மூச்சுவழியும் உடலுக்குள் செல்லக்கூடியவை. 1996இல் உருவான தேசிய எண்ணெய்க் கசிவுப் பேரிடர்த் திட்டம் கடலில் ஒருங்கிணைக்கும் பொறுப்பைக் கடலோரக் காவல்படைக்குத் தந்திருந்தது. கரையில் யார், எந்தக் கருவியோடு இறங்குவது என்பதில்தான் ஓட்டை. அள்ளிய கழிவு, எண்ணெயைச் சிதைக்கும் நுண்ணுயிரிகளைக் கொண்டு சுத்திகரிக்கப்பட்டது.

மீன் வாங்க ஆளில்லாமல் காசிமேடு சந்தை பல நாள்கள் வெறிச்சோடியது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பகுதியிலிருந்து எண்ணெய் வந்து பக்கிங்காம் கால்வாய் வழியே கொசஸ்தலை ஆற்று முகத்துவாரத்தில் பரவியது. வீடுகளின் சுவரிலும் வலைகளிலும் படகுகளிலும் கருப்பு ஏறியது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் விசாரித்தது. மிதவைத் தடுப்புகளும் எண்ணெய் வழிப்பான்களும் வந்தன. ஆனால் இம்முறையும் மீனவர்கள் தங்கள் ஃபைபர் படகுகளில் சென்று குவளையால் மொண்டு பீப்பாய்களை நிரப்பினர். ஆறு ஆண்டுகளில் கற்ற பாடம் இவ்வளவுதானா என்று கேட்கத் தோன்றும். தமிழக அரசு 8.68 கோடி ரூபாய் நிவாரணம் அறிவித்தது. அது குடும்பக் கணக்கிலும் படகுக் கணக்கிலும் தரப்பட்டது. எண்ணெயைக் கையால் அள்ளியவர் என்று தனிப் பிரிவு அதில் இல்லை.

அதே மாதம் 26ஆம் தேதி நள்ளிரவை ஒட்டி, எண்ணூரில் கோரமண்டல் உரத் தொழிற்சாலைக்குச் செல்லும் கடலடிக் குழாயில் அம்மோனியா கசிந்தது. பெரியகுப்பம், சின்னக்குப்பம் மக்கள் கண்ணெரிச்சலும் மூச்சுத்திணறலுமாக விழித்தெழுந்து, ஒருவரையொருவர் எழுப்பிக்கொண்டு கிடைத்த வண்டிகளில் வெளியேறினர். பலர் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டனர். எண்ணெய் அள்ளும் பணி முடிந்ததாக அறிவிக்கப்பட்டு அப்போது ஒரு வாரம்கூட ஆகவில்லை.