காஞ்சிபுரம்: ஆற்றங்கரையில் ஒரு கோயில் நகரம், பட்டு நகரம்

சென்னையிலிருந்து தென்மேற்கே சுமார் 75 கி.மீ. தொலைவில் உள்ளது காஞ்சிபுரம். கோயில் பார்க்க வருபவர்கள் ஒரு பக்கம், கல்யாணப் புடவை எடுக்க வருபவர்கள் இன்னொரு பக்கம் என்று ஆண்டு முழுவதும் கூட்டம் குறையாத ஊர் இது. ஆனால் இந்த ஊர் ஓர் ஆற்றங்கரையில் இருக்கிறது என்பது வந்து போகும் பலருக்குத் தெரியாது. பாலாற்றின் துணை ஆறான வேகவதியின் கரையில்தான் காஞ்சி வளர்ந்தது.

வேகவதியும் இரண்டு கதைகளும்

காஞ்சியின் இரண்டு பெரிய கோயில் கதைகளில் வெள்ளம் வருகிறது. பிரம்மன் செய்த வேள்வியைத் தடுக்க, கோபம் கொண்ட சரஸ்வதி வேகவதி ஆறாகப் பாய்ந்து வந்தாள் என்றும், திருமால் குறுக்கே அணை போல் படுத்து அதைத் தடுத்தார் என்றும் திருவெஃகா கோயிலின் தலபுராணம் சொல்கிறது. ஏகாம்பரநாதர் கோயில் கதையில், அம்மன் மணலால் லிங்கம் செய்து வழிபடும்போது கம்பை ஆற்றில் வெள்ளம் வருகிறது. லிங்கம் கரையாமல் இருக்க அம்மன் அதைத் தழுவிக் காப்பாற்றுகிறாள். இரண்டு கதைகளும் எதையோ அழிவிலிருந்து காப்பாற்றிய கதைகள்தான். காஞ்சியின் வரலாற்றிலும் இதே விஷயம் திரும்பத் திரும்ப வருவதைப் பார்க்கலாம்.

பழைய காஞ்சி

சங்க இலக்கியமான பெரும்பாணாற்றுப்படை, காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாடிய நூல். மணிமேகலை காப்பியத்தின் இறுதிப் பகுதியும் காஞ்சியில்தான் நடக்கிறது. சைவம், வைணவம், சமணம், பௌத்தம் ஆகிய நான்கும் இங்கே தழைத்தன. கடம்ப அரச மரபைத் தோற்றுவித்த மயூரசர்மன், படிப்பதற்காகக் காஞ்சியின் கடிகைக்கு வந்தவர் என்று கர்நாடகத்தின் தாளகுந்தா கல்வெட்டு கூறுகிறது. நாளந்தாவில் புகழ்பெற்று விளங்கிய பௌத்த அறிஞர் தர்மபாலர் காஞ்சியைச் சேர்ந்தவர். ஏழாம் நூற்றாண்டில் சீனப் பயணி யுவான் சுவாங் இந்த ஊரைப் பற்றி எழுதியிருக்கிறார்.

பல்லவரும் சாளுக்கியரும்

காஞ்சியின் பொற்காலம் பல்லவர் காலம். அவர்களுக்கும் வாதாபிச் சாளுக்கியர்களுக்கும் தலைமுறை தலைமுறையாகப் பகை. முதலாம் நரசிம்மவர்மன் கி.பி. 642-இல் வாதாபியைக் கைப்பற்றி 'வாதாபி கொண்டான்' என்று பெயர் பெற்றான். சுமார் நூறு ஆண்டுகளுக்குப் பிறகு சாளுக்கிய மன்னன் இரண்டாம் விக்கிரமாதித்தன் காஞ்சிக்குள் நுழைந்தான். பழிதீர்க்க வந்தவன் ஊரைக் கொளுத்தியிருப்பான் என்றுதான் யாரும் நினைப்பார்கள். நடந்ததோ வேறு.

இராஜசிம்மன் என்ற இரண்டாம் நரசிம்மவர்மன் கட்டிய கைலாசநாதர் கோயிலைக் கண்ட விக்கிரமாதித்தன், அதன் செல்வத்தை எடுத்துச் செல்லாமல் கோயிலுக்கே திருப்பிக் கொடுத்தான். இதைச் சொல்லும் கன்னடக் கல்வெட்டு இன்றும் அந்தக் கோயிலின் தூண் ஒன்றில் இருக்கிறது. அவனுடைய அரசி லோகமகாதேவி பட்டதக்கல்லில் எழுப்பிய விருபாக்ஷர் கோயிலில் காஞ்சிக் கோயிலின் சாயலைக் காணலாம். எதிரியும் காப்பாற்றிய ஊர் காஞ்சி.

பல்லவர்களுக்குப் பின் சோழர்களும் விஜயநகர மன்னர்களும் இந்த ஊரை ஆண்டனர். 1780-இல் அருகிலுள்ள பொள்ளிலூரில் ஐதர் அலியின் படையும் திப்புவின் படையும் கர்னல் பெய்லியின் ஆங்கிலப் படையைத் தோற்கடித்தன. ஆட்சிகள் மாறினாலும் கோயில்களும் தறிகளும் ஊரை விட்டுப் போகவில்லை.

பார்க்க வேண்டிய இடங்கள்

கைலாசநாதர் கோயில்: எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மணற்கல்லால் கட்டப்பட்டது. சுற்றிலும் 58 சிறு சன்னதிகள் உள்ளன. பழைய ஓவியங்களின் மிச்சங்களை அவற்றில் காணலாம். கூட்டம் குறைவாக இருப்பதால் நிதானமாகப் பார்க்கலாம்.

வைகுண்டப் பெருமாள் கோயில்: இரண்டாம் நந்திவர்மன் கட்டியது. பல்லவர்களின் வரலாறே சுவர்களில் வரிசையாகச் சிற்பமாக்கப்பட்டுள்ளது. மூன்று தளங்களில் பெருமாள் இருந்தும் கிடந்தும் நின்றும் காட்சி தருகிறார்.

ஏகாம்பரநாதர் கோயில்: கிருஷ்ணதேவராயர் 1509-இல் எழுப்பிய ராஜகோபுரம் 192 அடி உயரம் கொண்டது. பஞ்சபூதத் தலங்களில் இது நிலத்துக்குரியது.

வரதராஜப் பெருமாள் கோயில்: இங்குள்ள கல்யாண மண்டபத்தின் 96 தூண்களும் கல்லில் செதுக்கிய சங்கிலியும் புகழ்பெற்றவை. அனந்தசரஸ் குளத்தின் நீருக்கடியில் இருக்கும் அத்தி வரதர் 40 ஆண்டுகளுக்கு ஒருமுறை வெளியே எடுக்கப்படுகிறார். 1979-க்குப் பிறகு 2019 ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை 48 நாட்கள் தரிசனம் நடந்தது. அடுத்தது 2059-இல். மிளகு, சீரகம், சுக்கு சேர்த்து மந்தாரை இலையில் வேகவைக்கும் காஞ்சிபுரம் இட்லி இந்தக் கோயிலின் பிரசாதம்.

திருப்பருத்திக்குன்றம்: வேகவதிக் கரையிலுள்ள சமணக் கோயில். இந்தப் பகுதிக்கு ஜின காஞ்சி என்று பெயர். இங்குள்ள சங்கீத மண்டபத்தை விஜயநகரத் தளபதி இருகப்பர் கட்டினார். கூரையில் தீர்த்தங்கரர்களின் வாழ்க்கை ஓவியங்களாக உள்ளது.

இவற்றோடு காமாட்சி அம்மன் கோயிலையும் அறிஞர் அண்ணா பிறந்து வளர்ந்த ஊரில் அமைந்துள்ள அவரது நினைவு இல்லத்தையும் பார்க்கலாம். 1909-இல் நெசவாளர் குடும்பத்தில் பிறந்த அண்ணா 1967-இல் தமிழக முதல்வரானார். 1950-களில் கைத்தறித் துணிகள் தேங்கி நெசவாளர்கள் வறுமையில் வாடியபோது, அவரும் அவரது கட்சியினரும் துணி மூட்டையைத் தோளில் சுமந்து தெருத்தெருவாக விற்றனர்.

பட்டு

காஞ்சிப் பட்டுக்கு வேண்டிய மூலப்பொருள்களில் பெரும்பகுதி வெளியூரிலிருந்து வருபவை. பட்டு நூல் முக்கியமாகக் கர்நாடகத்திலிருந்தும் சரிகை குஜராத்தின் சூரத்திலிருந்தும் வருகின்றன. காஞ்சிக்குச் சொந்தமானது கைவேலைதான்.

இந்தப் புடவையின் சிறப்பு 'கோர்வை'. உடல் ஒரு நிறமாகவும் கரை வேறு நிறமாகவும் இருக்கும். இரண்டையும் தனித்தனியாக நெய்து தைப்பதில்லை. உடலுக்கு ஒன்று, இரு கரைகளுக்கு இரண்டு என மூன்று நாடாக்களை ஓட்டி, ஒவ்வொரு இழையிலும் உடல் நூலையும் கரை நூலையும் கோர்த்துக்கொண்டே நெய்கிறார்கள். முந்தியை உடலோடு இணைப்பதற்கு 'பிட்னி' என்ற தனி முறை உண்டு. அதனால்தான் புடவை நைந்தாலும் கரை பிரிந்து வராது என்பார்கள். ஒரு புடவை முடிய பத்து நாளும் ஆகலாம், வேலைப்பாட்டைப் பொறுத்து ஒரு மாதமும் ஆகலாம்.

கோர்வை நெய்ய இரண்டு பேர் வேண்டும். ஒரு பக்கத்து நாடாவைத் தள்ள உதவியாள் ஒருவர் தறியருகே இருக்க வேண்டும். ஒரு காலத்தில் அந்த இடத்தில் பெரும்பாலும் சிறுவர்கள் இருந்தார்கள். இப்போது அவர்கள் பள்ளிக்குப் போகிறார்கள். அதுதான் சரி. ஆனால் பெரியவர் ஒருவரை உதவிக்கு வைத்தால் அவருக்கும் கூலி தர வேண்டும். நெசவாளரின் கூலி அந்த அளவுக்கு உயரவில்லை. இதனால் பலர் கோர்வையை விட்டுவிட்டு, ஒருவரே நெய்யக்கூடிய எளிய புடவைகளுக்கு மாறினர். மழைக்காலத்தில் குழித்தறியில் தண்ணீர் ஊறினால் அதுவும் நின்றுவிடும்.

விசைத்தறிப் போட்டி வேறு. கரை போட்ட பட்டுப் புடவையைக் கைத்தறிக்கே ஒதுக்கி 1985-இல் மத்திய அரசு சட்டம் இயற்றியது. 2005-06-இல் காஞ்சிபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. இருந்தும் விசைத்தறிப் புடவைகள் 'காஞ்சிப் பட்டு' என்ற பெயரில் கடைகளில் விற்கப்படுகின்றன. வாழ்நாளெல்லாம் பட்டு நெய்தும் தன் மகளுக்கு ஒரு பட்டுப் புடவை தர முடியாத நெசவாளியின் கதையைச் சொன்ன 'காஞ்சிவரம்' படம், 2007-ஆம் ஆண்டின் சிறந்த படத்துக்கான தேசிய விருதைப் பெற்றது. நடந்த கதை சுதந்திரத்துக்கு முந்தையது என்றாலும் அந்தக் கேள்வி இன்னும் பழையதாகவில்லை.

முடிவாக

காஞ்சிபுரம் 2021-இல் மாநகராட்சி ஆனது. கோயில்களுக்குத் தொல்லியல் துறையும் அறநிலையத் துறையும் இருக்கின்றன. வேகவதியோ ஆக்கிரமிப்பாலும் கழிவுநீராலும் ஆறு என்று சொல்ல முடியாத நிலைக்கு வந்தது. நெசவாளர் வீட்டுப் பிள்ளைகள் தறிக்குப் பதிலாக ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்துத் தொழிற்சாலைகளை நாடுகிறார்கள். அதற்காக அவர்களைக் குறை சொல்ல முடியாது. தறியில் உட்கார்ந்தாலும் அதே வருமானம் கிடைக்கும் என்றால்தான் அவர்கள் திரும்பி வருவார்கள்.

படையெடுத்து வந்த மன்னன் கூட இந்த ஊரின் அழகைக் கண்டு கை வைக்காமல் போனான். புடவை வாங்கப் போகிறவர்கள் கைத்தறி முத்திரையையும் பட்டு முத்திரையையும் கேட்டு வாங்கினால், கூட்டுறவுச் சங்கக் கடைகளிலும் ஒருமுறை ஏறி இறங்கினால், அதுவும் காஞ்சியைக் காப்பாற்றுவதில் ஒரு பங்குதான்.