டிசம்பரில் வந்தவர்கள்

வட அமெரிக்காவில் பேஸ்போல் ஆட்டங்கள் ஒக்ரோபர் கடைசியோடு முடிந்துவிடும். ரசிகர்களுக்கு முடிவதில்லை. யார் வருவார், யார் போவார், யாருக்கு எத்தனை மில்லியன் என்று வசந்தம் வரை ஒரே கதைதான். இந்தக் குளிர்காலக் கதைக்கு 'ஹொட் ஸ்டோவ்' என்று ஒரு பழைய பெயர் இருக்கிறது. பனிக்காலத்தில் கடைக்குள் எரியும் அடுப்பைச் சுற்றியிருந்து ஊர்க்காரர் கதைத்த நாட்களின் பெயர் அது.

ரொறன்ரோ புளூ ஜேஸ் 1992இலும் 1993இலும் உலகத் தொடரை வென்றதைப் பற்றி நிறைய எழுதிவிட்டார்கள். என்னைக் கேட்டால் அந்த இரண்டு கோப்பைகளும் அவற்றுக்கு முந்திய டிசம்பர்களில் வெல்லப்பட்டவை. அந்த டிசம்பர்களில் இந்த நகரத்து ரசிகர்கள் கோபப்பட்ட விதமும், பிறகு அந்தக் கோபத்தை மறந்த விதமும் எழுதிவைக்க வேண்டியவை.

1990 டிசம்பர் 5. புளூ ஜேஸின் பொது முகாமையாளர் பற் கிலிக், ஆட்களை மாற்றாமல் சும்மா இருப்பவர் என்று பெயரெடுத்தவர். அன்று அவர் பிரெட் மக்கிரிஃப், ரோனி பெர்னாண்டஸ் இருவரையும் சான் டியாகோவுக்குக் கொடுத்துவிட்டு ஜோ கார்ட்டர், ரொபேர்ட்டோ அலொமார் இருவரையும் வாங்கினார். மக்கிரிஃப் 1989இல் 36 ஹோம் ரன்கள் அடித்து அமெரிக்கன் லீக்கில் முதலாவதாக நின்றவர். ஆனாலும் நகரத்துக்குச் சுட்டது பெர்னாண்டஸின் இழப்புத்தான். டொமினிக்கன் குடியரசின் சான் பெட்ரோ டி மக்கொறிஸ் என்ற ஊர்க்காரர். ஷோர்ட்ஸ்டொப் இடத்தில் 1986இலிருந்து 1989 வரை தொடர்ந்து நான்கு தங்கக் கையுறை விருதுகள் பெற்றவர்.

அந்த ஆண்டுகளில்தான் எங்கள் சனம் ஸ்காபரோவில் வந்து குவிந்துகொண்டிருந்தது. கிரிக்கெட் கண்ணோடு பார்த்த எங்களுக்கு அடிப்பதும் எறிவதும் விளங்க நாளெடுத்தது. பந்து தடுப்பது உடனே விளங்கியது. கையுறை போட்டுக்கொண்டு பந்து பிடிப்பது ஒரு வித்தையா என்று சிரித்தவர்கள்கூட, பெர்னாண்டஸ் ஓடிப்போய், அந்தரத்தில் நின்றபடி கையைச் சரித்து முதலாம் தளத்துக்கு எறிவதைப் பார்த்தால் வாயை மூடிக்கொள்வார்கள். அவரைக் கொடுத்துவிட்டார்கள் என்றபோது எங்கள் அடுக்குமாடியில் கிலிக்கைத் திட்டாத ஆளில்லை.

1992 ஒக்ரோபர் 11 அன்று ஓக்லாந்தில், ஒன்பதாவது இன்னிங்ஸில், டெனிஸ் எக்கர்ஸ்லியின் பந்தை அலொமார் வேலிக்கு வெளியே அனுப்பினார். அடுத்த ஆண்டு ஒக்ரோபர் 23இல் கார்ட்டர் அடித்த ஹோம் ரன்னோடு உலகத் தொடரே முடிந்தது. இன்று கேட்டுப்பாருங்கள், அந்த மாற்றத்தை முதல் நாளே ஆதரித்ததாக எல்லோரும் சொல்வார்கள்.

டேவ் வின்ஃபீல்டின் கதை இன்னும் சுவையானது. 1983 ஓகஸ்ட்டில், நியூயோர்க் யாங்கீஸ் அணிக்காக ரொறன்ரோ வந்திருந்தவர், இன்னிங்ஸ்களுக்கு இடையில் எறிந்த ஒரு பந்து கடற்புறா ஒன்றில் பட்டு அது செத்துப்போனது. பொலிசார் மிருகவதைக் குற்றம் சாட்டி அவரைக் கொண்டுபோனார்கள். குற்றச்சாட்டு உடனேயே கைவிடப்பட்டது. ரசிகர்களின் கூச்சல் அத்தனை சுலபத்தில் கைவிடப்படவில்லை. அந்த மனிதரைத்தான், 40 வயதில், 1991 டிசம்பரில் ஒப்பந்தம் செய்தார்கள். கூடவே ஜாக் மோரிஸையும். இரண்டு மாதங்களுக்கு முன்னர் மின்னசோட்டாவுக்காக எறிந்து புளூ ஜேஸை வீட்டுக்கு அனுப்பியவர் அவர்.

மோரிஸ் 1992 பருவத்தில் 21 ஆட்டங்களை வென்றார். ஆனால் பெரிய ஆட்டங்களுக்கு என்று எடுத்த ஆள், அந்த ஒக்ரோபரில் ஒன்றையும் வெல்லாமல் மூன்றைத் தோற்றார். தொடரை முடித்துவைத்தது அற்லான்ராவில் 11ஆவது இன்னிங்ஸில் இரண்டு ஓட்டங்களைக் கொண்டுவந்த வின்ஃபீல்டின் அடி. குளிர்காலக் கணக்குகள் இப்படித்தான் பிழைக்கும், ஆனால் பிழைத்தும் சரிவரும்.

பெர்னாண்டஸை அனுப்பினார்கள்; வின்ஃபீல்ட் தானாக வந்தார். ரசிகர்கள் இரண்டையும் ஒரே கணக்கில் எழுதுவார்கள். புறப்படுவதற்கும் அனுப்பப்படுவதற்கும் உள்ள வேறுபாட்டை எங்கள் ஆட்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, ஆகவே இதை நான் விட்டுவிட முடியாது. ஒரு காலத்தில் தானாக வருதல் என்ற ஒன்றே கிடையாது. ஒப்பந்தம் முடிந்தாலும் ஆட்டக்காரர் பழைய அணிக்கே உரியவர். 1969இல் சென் லூயிஸ் அணி கேர்ட் ஃபிளட் என்ற கறுப்பின ஆட்டக்காரரைப் பிலடெல்பியாவுக்கு மாற்றியபோது அவர் போக மறுத்தார். தான் வாங்கி விற்கும் பொருள் அல்ல என்று டிசம்பர் 24ஆம் திகதி ஆணையாளருக்குக் கடிதம் எழுதி, பிறகு வழக்குப் போட்டார். 1972இல் உச்ச நீதிமன்றம் 5க்கு 3 என்று அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. அதற்குள் அவருடைய ஆட்டமும் முடிந்திருந்தது. வேறு இருவருடைய வழக்கில், 1975 டிசம்பர் 23 அன்று, நடுவர் பீற்றர் சைற்ஸ் கதவைத் திறந்துவிட்டார். இன்றைய கோடிகளுக்கெல்லாம் தொடக்கம் அந்த நாள். ஃபிளட்டுக்கு அதில் ஒரு சதமும் கிடைக்கவில்லை.

தானாக வரலாம் என்றால் தானாக வராமலும் விடலாம். 2023 டிசம்பர் 8 அன்று தென் கலிபோர்னியாவிலிருந்து ஒரு தனியார் விமானம் ரொறன்ரோவுக்குப் புறப்பட்டது. அதில் ஷோஹெய் ஒஹ்தானி வருகிறார் என்று செய்தி பரவ, ஆயிரக்கணக்கானோர் அந்த விமானத்தைத் திரையில் பின்தொடர்ந்தார்கள். பியர்சனில் இறங்கியவர் றொபேர்ட் ஹெர்ஜவெக் என்ற கனடியத் தொழிலதிபர். மறுநாள் ஒஹ்தானி லொஸ் ஏஞ்சல்ஸ் டொட்ஜர்ஸுடன் 10 ஆண்டுகளுக்கு, 700 மில்லியன் டொலருக்கு இணங்கினார்.

அவர் ரொறன்ரோவுக்கு எந்த வாக்கும் கொடுக்கவில்லை. இருந்தும் 2024 ஏப்ரலில் இங்கு ஆட வந்தபோது கூச்சலிட்டார்கள். முதல் முறை மட்டை பிடித்தபோதே ஹோம் ரன் அடித்துவிட்டுப் போனார். 2025 உலகத் தொடரின் முதல் ஆட்டத்தை புளூ ஜேஸ் 11க்கு 4 என்று வென்றபோது, நீ எங்களுக்குத் தேவையில்லை என்று அரங்கமே அவரைப் பார்த்துப் பாடியது. நானும் வீட்டிலிருந்து பாடினேன். ஏழாவது ஆட்டம் 11 இன்னிங்ஸ் வரை போய், 5க்கு 4 என்று கைவிட்டுப் போனது.

மறுநாள் காலை மார்க்கத்திலிருந்து ஒரு நண்பர் எடுத்தார். தோல்வியைப் பற்றி ஒரு சொல் இல்லை. போ பிஷெற்றின் ஒப்பந்தம் முடிகிறதே, நிற்பானா போவானா என்றுதான் கேட்டார்.