மேடையான கல்லறை

சமயச் சான்றோர் பலரின் கொள்கையை அவர்தம் நூல்கள் உரைக்கும்; சிலருடையதைக் கல்லறையே உரைக்கும். மெதடிஸ்ட் சபையைத் தோற்றுவித்த ஜான் வெஸ்லி (1703–1791) இரண்டாம் வகையினர். பங்காருபேட்டையை அடுத்த நம் தங்கவயலுக்கு அவர் முற்றிலும் அயலார் அல்லர். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜான் டெய்லர் நிறுவனத்தார் இங்குச் சுரங்கம் அகழ்ந்தபோது, இங்கிலாந்தின் கார்ன்வாலிலிருந்து தொழில் தேர்ந்தோர் பலர் வந்தனர். வெஸ்லியின் சொல்லுக்குப் பெருந்திரளாகச் செவிசாய்த்த சுரங்க மக்களின் நாடு அது.

வெஸ்லி பிறந்த ஊர் எப்வொர்த். தந்தையார் சாமுவேல் அவ்வூர்த் தேவாலயத்தில் ஏறத்தாழ நாற்பதாண்டுகள் குருவாக விளங்கி, 1735இல் மறைந்து, அதன் முற்றத்திலேயே அடக்கமானவர். 1742ஆம் ஆண்டு ஜூன் 6ஆம் நாள் வழிபாட்டில் துணைபுரிய மகன் முன்வந்தார், துணைக்குரு மறுத்தார். அன்று மாலையே வெஸ்லி தந்தையின் கல்லறைமீது நின்று மக்களுக்குப் போதித்தார். தொடர்ந்து பல மாலைகள் அக்கல்லே மேடையாயிற்று. உள்ளே மறுக்கப்பட்ட இடத்தை வெளியே தந்தை தந்தார் போலும்!

எனினும், இங்கிலாந்து திருச்சபையை விட்டுத் தாம் விலகவில்லை என்றே வெஸ்லி இறுதிவரை கூறிவந்தார். இப்பிணக்கு அவர் குடும்பத்தின் கல்லறைகளிலும் தோன்றுகிறது. 1778இல் இலண்டன் சிட்டி சாலையில் அவர் திறந்த ஆலயத்தின் அடக்கநிலம் திருச்சபை முறைப்படி புனிதப்படுத்தப்படாதது. ஆகவே ஆயிரக்கணக்கான பாடல்கள் இயற்றிய தம்பி சார்லஸ் அங்கு அடக்கமாக இசையவில்லை. 1788இல் மேரிலபோன் தேவாலய முற்றத்தில் அடங்கினார். ஒரே தாய் வயிற்றில் பிறந்து, ஒரே பணியில் தோள்கொடுத்த இருவரை மண்ணைப் பற்றிய கொள்கை பிரித்தது.

மூன்றாண்டுகளுக்குப்பின், 1791 மார்ச் 2ஆம் நாள், தம் எண்பத்தேழாம் வயதில் ஜான் மறைந்தார். சவவண்டி வேண்டா, ஆடம்பரம் வேண்டா. ஏழைகள் அறுவர் தம் உடலைச் சுமக்க வேண்டும், அவர்க்கு ஆளுக்கொரு பவுண்டு அளிக்க வேண்டும் என்பது அவர்தம் விருப்ப ஆவணம். பெருங்கூட்டம் சேரும் என அஞ்சி, மார்ச் 9ஆம் நாள் விடியுமுன் விளக்கொளியில் சிட்டி சாலை ஆலயத்தின் பின்புறம் அடக்கம் செய்தனர்.

குருமார் சடங்கு செய்யாத மண்ணை ஏழைகளின் தோள்கள் தூய்மையாக்கின எனலாம். மண்ணுக்கடியில் உழைத்தவர்களின் வழித்தோன்றல்களாகிய நமக்கு அவ்விருப்பத்தின் பொருள் எளிதில் விளங்கும்.