துண்டிலிருந்து குக்கி வரை

பதுளையிலிருந்து பசறை வழியாகப் பிபிலையை நோக்கிச் செல்லும் பெருவழியில் லுணுகலை அமைந்துள்ளது. அதனைச் சூழ்ந்த ஹொப்டன், அடாவத்தை முதலிய தோட்டங்களின் வரலாற்றைக் கூறுவோர் கோப்பியின் அழிவையும் தேயிலையின் எழுச்சியையும் விரிவாகக் கூறுவர். அத்தோட்டங்களில் மனிதர் எவ்வாறு எண்ணப்பட்டனர், எழுதப்பட்டனர், பின்தொடரப்பட்டனர் என்பதை அத்துணை விரிவாகக் கூறுவதில்லை. இணையத்தில் உலாவுவோரை நிறுவனங்கள் அடிக்கு அடி தொடர்கின்றன என்ற செய்தி இன்று பலரையும் திடுக்கிடச் செய்கிறது. முன்னர் எக்காலத்தும் இல்லாத கேடு இது என்பாரும் உளர். மலைநாட்டின் பழைய ஏடுகளை அறிந்தோர்க்கு இதன் சாயல் புதிதன்று.

பண்டை அரசரும் ஒற்றர் வைத்து ஆண்டனர். வள்ளுவர் ஒற்றாடலுக்கென ஓர் அதிகாரமே வகுத்தார். ஆயினும் அவ்வொற்று, பகைவரையும் வினைசெய்வாரையும் நோக்கியது. உழுதுண்ணும் எளியவன் இன்று எத்தனை மணிக்கு எழுந்தான் என்று எந்த மன்னனும் குறித்து வைத்ததில்லை. நாள்தோறும் ஒவ்வொரு பொதுமகனையும் பெயரிட்டு எழுதி வைக்கும் வழக்கத்தை இந்நாட்டில் பெருமளவில் நிலைநாட்டியது பெருந்தோட்டமே எனல் மிகையாகாது.

அவ்வழக்கத்தின் முதற் கருவி துண்டு. ஒரு தோட்டத்துக் கங்காணி தன் ஆட்களுடன் வேறு தோட்டம் செல்ல விரும்பினால், துரையிடம் ஒரு சிறு கடிதம் பெறவேண்டும். இவ்வளவு கடனைக் கட்டினால் இவ்வாட்களை விடுவிப்போம் என்பதே அதன் வாசகம். புதிய தோட்டம் அப்பணத்தைச் செலுத்தி ஆட்களைப் பெறும். அத்தொகை மீண்டும் அவ்வாட்களின் பெயரிலேயே கடனாக ஏறும். கங்காணி இடையில் மேலும் முற்பணம் பெறுவான் ஆதலின், இடம் மாறுந்தோறும் கடன் பெருகிற்று. தன்னைப் பற்றிய சொற்களைத் தன் குழுவினரே சுமந்து சென்று, தான் அறியாத ஒருவரிடம் கொடுக்க, அவர் அதனைப் படித்துத் தன் விலையை அறிந்துகொள்வதே தொழிலாளியின் நிலை. அச்சீட்டில் என்ன எழுதப்பட்டுள்ளது என்பதை அவர்களுட் பெரும்பாலோர் வாசிக்கவும் அறியார்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டின் டிக்கட் என்ற தகரவில்லை வந்தது. தோட்டத்தின் அடையாளமும் ஆளின் எண்ணும் பொறித்த அவ்வில்லையைக் கழுத்தில் அணிந்தவர் வழிச்செலவின்றி இந்தியக் கரையிலிருந்து தோட்டம் வரை அனுப்பப்படுவர். செலவு தோட்டத்தின் கணக்கில் எழுதப்படும். 1914ஆம் ஆண்டு தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பற் போக்குவரத்துத் தொடங்கியது; 1924இல் இருப்புப்பாதை பதுளையை எட்டியது. அதற்கப்பால் லுணுகலைக்குச் செல்வோர்க்கு மலைச்சாலையே வழி. அவ்வளவு தொலைவிலும் பெயர் கேட்கப்படாமல் எண்ணே அவர்களுக்கு முன் சென்றது.

தோட்டம் வந்தபின் விடியற்காலையில் பிரட்டு. கணக்கப்பிள்ளை பெயர் அழைப்பார். செக்ரோலில் முழுப்பேரோ அரைப்பேரோ விழும். வேலைக்கு வந்த ஒவ்வொரு தலைக்கும் இவ்வளவு என்று பெரிய கங்காணிக்கு ஒரு காசு உண்டு. ஆளின் உழைப்பு ஆளுக்குரிய கூலியை ஈட்ட, ஆள் வந்தான் என்ற செய்தி மட்டுமே மற்றொருவருக்கு வருமானம் ஈட்டிற்று என்பது ஈண்டு ஊன்றி நோக்கற்பாலது. மாலையிலோ, பத்தடிக்குப் பன்னிரண்டடி என்ற லயத்து அறை. ஓர் அறையிற் பேசுவது அடுத்த அறைக்குக் கேட்கும். அந்தரங்கம் என்ற சொல்லுக்கு அங்கு இடமே இருந்ததில்லை.

இனி, துண்டு எவ்வாறு ஒழிந்தது என்பதைக் காண்போம். தோட்டத்தை விட்டு இரவோடிரவாக ஓடியோர் பலர். அவர்கள் ஓடியதால் துண்டு ஒழியவில்லை; ஓடுவோரைப் பிடிக்கும் முறைகளே கடுமையாயின. 1921ஆம் ஆண்டுச் சட்டம் துண்டு கொடுப்பதையே குற்றமாக்கிய பின்னரே அது மறைந்தது. அதாவது, சீட்டைச் சுமந்தவன் திருந்தவில்லை, சீட்டை எழுதியவன் தடுக்கப்பட்டான்.

துண்டு ஒழிந்தும் ஏடுகள் ஒழியவில்லை. அவை எவர் கையில் உள்ளன என்ற வினா 1948க்குப் பின் உயிர்ப்பிரச்சினை ஆயிற்று. அவ்வாண்டின் பிரசாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. அடுத்த ஆண்டின் இந்திய, பாகிஸ்தானியர் பிரசாவுரிமைச் சட்டம், மணமானோர் 1946 ஜனவரி முதலாம் தேதிக்கு முன் 7 ஆண்டும், ஏனையோர் 10 ஆண்டும் இடையறாது வாழ்ந்ததை மெய்ப்பிக்க வேண்டும் என்றது. ஏறத்தாழ 2,37,000 விண்ணப்பங்கள் வழியாக 8 இலட்சத்துக்கு மேற்பட்டோர் கேட்டனர். பெற்றவர் சுமார் 1,34,000 பேரே. நாள் தவறாமல் பிரட்டில் பெயர் எழுதப்பட்டு வந்த மக்கள், தாம் அங்கு வாழ்ந்தோம் என்பதற்குச் சான்று தேடி அலைந்த விந்தையை என்னென்பது! ஏடு தோட்டத்துக்குரியது, அதில் வாழ்ந்த வாழ்வு மட்டுமே அவர்களுக்குரியது.

1972 முதல் வழங்கப்பட்ட தேசிய அடையாள அட்டையும் இவ்வரலாற்றில் ஓர் அத்தியாயமே. அதன் ஒன்பது இலக்கங்களில் பிறந்த ஆண்டும் நாளும் அடங்கும். பெண்ணாயின் நாளெண்ணுடன் 500 கூட்டப்படும். இறுதியில் வாக்குரிமை உடையார்க்கு ‘வி’ என்ற ஆங்கில எழுத்தும், இல்லார்க்கு ‘எக்ஸ்’ என்ற எழுத்தும் பொறிக்கப்பட்டன. எண்ணைப் பார்த்த கடைக்காரனும் ஒருவருடைய அகவை, பால், வாக்குரிமை ஆகிய மூன்றையும் கேளாமலே அறியலாம்.

இப்பின்னணியில் இணையத்தை நோக்குதல் தகும். 1994ஆம் ஆண்டு நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பணியாற்றிய லூ மொண்டுலி என்பார் குக்கி என்ற சிறு குறிப்பை அமைத்தார். வலைத்தளம் ஒன்று பார்வையாளரின் உலாவியில் சிறு சீட்டொன்றை இட்டு வைக்கும். மறுமுறை வரும்போது உலாவியே அச்சீட்டை நீட்டும். வாங்க எடுத்த பொருள்களைக் கடை மறவாதிருக்கச் செய்வதே முதல் நோக்கம். ஒருவரை எல்லாத் தளங்களிலும் அடையாளங் காட்டும் எண்ணைத் தவிர்க்க விரும்பியே அவர் இம்முறையை வகுத்தார் என்பது இதிலுள்ள முரண். ஏனெனில் ஒரு பக்கத்தில் அப்பக்கத்தார் மட்டும் இருப்பதில்லை. பத்திரிகைப் பக்கத்தில் இடம்பெறும் விளம்பரம் வேறொரு நிறுவனத்தின் கணினியிலிருந்து வருகிறது; அதுவும் தன் சீட்டை இடுகிறது. அதே நிறுவனத்தின் விளம்பரம் மருந்துக் குறிப்புப் பக்கத்திலும், வேலைவாய்ப்புப் பக்கத்திலும், கோயில் விழாப் பக்கத்திலும் இருப்பின், மூன்றிடத்தும் வந்தவர் ஒருவரே என்பது அதற்குத் தெரிந்துவிடும். தன்னைப் பற்றிய சீட்டைத் தானே சுமந்து செல்லும் பழைய கோலம் இதுவே. தலைக்கு இவ்வளவு என்ற காசும் திரும்பி வந்தது. பெறுவோர் மட்டும் மாறினர்.

எச்சரிக்கை இல்லாமற் போகவில்லை. 1997 பெப்ரவரியில் வெளிவந்த குக்கி பற்றிய நியம ஆவணம், பிறர் இடும் சீட்டுகளை உலாவிகள் இயல்பாகவே ஏற்கலாகாது என்றது. அதனை இயற்றிய இருவருள் மொண்டுலியும் ஒருவர். அக்காலத்துப் பேருலாவிகள் அதனைப் பொருட்படுத்தவில்லை. பயர்பாக்ஸ் 2019இல் பின்தொடரும் பிறர் சீட்டுகளையும், சபாரி 2020இல் பிறர் சீட்டுகள் அனைத்தையும் இயல்பாகத் தடுக்கலாயின. குரோமில் அவற்றை ஒழிப்பதாக 2020இல் அறிவித்த கூகிள், 2024இல் அத்திட்டத்திலிருந்து பின்வாங்கியது. விளம்பரத்தால் வாழும் நிறுவனமே உலாவியையும் படைக்குமாயின் வேறெதனை எதிர்பார்க்க முடியும்?

சீட்டு இன்றியும் ஆளை அறியும் வழி உண்டு. வங்காளத்து ஜங்கிப்பூரில் 1858ஆம் ஆண்டு வில்லியம் ஹேர்ஷல் என்ற ஆங்கில அதிகாரி ஓர் ஒப்பந்தத்தில் உள்ளங்கை அடையாளம் பெற்றார். அதுவே பின்னர் கைநாட்டுக் கலையாக வளர்ந்தது. உலாவிக்கும் இத்தகைய கைநாட்டு உண்டு. திரையின் அளவு, எழுத்துருக்கள், மொழி, நேரவலயம் முதலியன ஒன்று சேர்ந்தால் ஓர் இயந்திரம் மற்றொன்றிலிருந்து பிரிந்து தெரியும். இலக்ட்ரோனிக் புரொண்டியர் பவுண்டேசன் 2010இல் வெளியிட்ட ஆய்வில் 100க்கு 83க்கு மேற்பட்ட உலாவிகள் தனித்து அறியத்தக்கனவாயிருந்தன. அழித்தற்கு இங்குச் சீட்டே இல்லை.

ஆதலின் பயனர் செய்யத்தக்க காவல்களின் எல்லையையும் அறிதல் வேண்டும். பிறர் குக்கிகளைத் தடுத்தலும், உள்ளவற்றை அடிக்கடி அழித்தலும், தேவையற்ற செயலிகளுக்கு இருப்பிடத்தை மறுத்தலும் நற்பயன் தருவன, செய்தற்கும் எளியன. மறைநிலை உலாவல் என்பதோ பலரால் தவறாக உணரப்படுகிறது. ஒரே கைத்தொலைபேசியைக் குடும்பம் முழுதும் எடுத்தாளும் லயத்தில், ஒரு பெண் தன் நோயைப் பற்றித் தேடியதைத் தமையனிடமிருந்து அது மறைக்கும். தளத்திடமிருந்தோ தொலைபேசி நிறுவனத்திடமிருந்தோ மறைக்காது. இது குறித்து 2020இல் தொடுக்கப்பட்ட வழக்கில், திரட்டிய பெருந்தொகையான பதிவுகளை அழிக்க 2024இல் கூகிள் இணங்கியது. 2018 மார்ச்சிலும் 2019 ஏப்ரலிலும் இலங்கையில் சமூக ஊடகங்கள் தடுக்கப்பட்டபோது வி.பி.என். என்ற சொல் வீடுதோறும் புகுந்தது. அது தொலைபேசி நிறுவனத்தின் கண்ணை மறைத்து, வி.பி.என். நடத்துவோரின் கண்முன் நிறுத்துகிறது. ஒரு கங்காணியை விட்டு மற்றொரு கங்காணியிடம் சேர்வது போன்றது அது. புதியவர் நல்லவரா என்பதை ஆராய்ந்தே சேரவேண்டும். இலவசமாக அழைப்பவரிடம் ஆராய்ச்சி இரட்டிப்பாக வேண்டும்.

இவையெல்லாம் இரவோடிரவாக ஓடியோரின் வழிகளே. எழுதுவோனைத் தடுக்கும் 1921இன் வழியை இந்நாடு 2022இலேயே தொடங்கியது. அவ்வாண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் பாராளுமன்றத்தில் நிறைவேறியது. எனினும் அதன் பகுதிகள் ஒரே நாளில் நடைமுறைக்கு வராமல் படிப்படியாகக் கொணரப்படும் வகையில் அமைக்கப்பட்டன. 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் அடிப்படை உரிமைகளுள் அந்தரங்கம் வெளிப்படையாகக் கூறப்படவில்லை. அண்டை நாட்டிலோ 2017 ஓகஸ்ட் 24ஆம் தேதி ஒன்பது நீதிபதிகள் கொண்ட உச்ச நீதிமன்ற அமர்வு அதனை அடிப்படை உரிமை என்றே தீர்ப்பளித்தது.

2016 முதல் வழங்கப்படும் பன்னிரண்டு இலக்க அடையாள எண்ணில் ‘வி’, ‘எக்ஸ்’ என்ற எழுத்துகள் இல்லை. பிறந்த நாளும் பாலும் இன்னும் உள்ளன. 2022ஆம் ஆண்டுச் சட்டம் ஒருவருக்குத் தம்மைப் பற்றிய பதிவை எழுத்து மூலம் கேட்டுக் காணவும், பிழையைத் திருத்துவிக்கவும், தக்க காரணம் இருப்பின் அழிப்பிக்கவும் உரிமை வகுத்துள்ளது. பிரசாவுரிமை விண்ணப்பத்தின் இறுதி நாளாகிய 1951 ஓகஸ்ட் 5ஆம் தேதிக்கு முன், செக்ரோலின் ஒரு பக்கத்தைத் தேடி ஏறி இறங்கியோர்க்கு அத்தகைய உரிமை எதுவும் எழுத்தில் இருக்கவில்லை.