காட்சி மேசையில் பழைய கணினி

நெகிரி செம்பிலான் மாநிலத்தில், சிரம்பானுக்குத் தெற்கே அமைந்த சிற்றூர் ரந்தாவ். லின்சம் முதலிய தோட்டங்கள் அதனைச் சூழ்ந்துள்ளன. முதலில் ரப்பரும் பின்னர் செம்பனையும் அம்மண்ணின் வாழ்வை வகுத்தன. அத்தகைய தோட்டங்களில் பிறந்து வளர்ந்த முதியோர்க்குக் 'காட்சி' என்னும் சொல் உடனே நினைவூட்டுவது, திடலில் இரு கம்பங்களுக்கிடையே கட்டிய வெள்ளைத் திரையையும் அதில் ஓடிய படத்தையுமேயாகும். எந்தப் படத்தை ஓட்டுவது என்று முடிவு செய்தவர் வேறொருவர். பாய் விரித்து அமர்ந்து பார்த்தவர் தோட்டத்து மக்கள். காட்டுபவன் எதைத் தேர்ந்தெடுக்கிறானோ, அதுவே பார்ப்பவன் அறியும் உலகமாகிறது. இவ்வுண்மை திரைப்படத்துக்கு மட்டுமன்றிக் கணினிக்கும் பொருந்தும்.

1980ஆம் ஆண்டுகளின் வீட்டுக் கணினி ஒன்றை ரந்தாவ் வட்டாரத் தமிழ்ப்பள்ளி ஒன்றின் மேசைமேல் வைத்து மாணவர்க்குக் காட்டுவதானால், எந்த விளையாட்டை ஓட்டுவது, எந்தச் செய்காட்சியை நிகழ்த்துவது என்னும் வினா எழும். கைப்பேசியில் இதனினும் பன்மடங்கு அழகிய காட்சிகளை நாள்தோறும் காணும் சிறுவனுக்கு, அப்பழம்பொறி வெறும் பழைய விளையாட்டுச் சாமானாகத் தோன்றிவிடக் கூடும். அவ்வாறு தோன்றாமல் காப்பது தேர்வு ஒன்றே. அத்தேர்வுக்கு ஒரு வரலாறு உண்டு.

வீட்டுக்கென ஆயத்த நிலையில் விற்கப்பட்ட கணினிகளின் காலம் 1977இல் தொடங்கிற்று எனலாம். ஆப்பிள் இரண்டு, கொமடோர் பெட், டி.ஆர்.எஸ். 80 ஆகிய மூன்றும் அவ்வோராண்டிலேயே சந்தைக்கு வந்தன. அவற்றுள் ஆப்பிள் இரண்டின் பிறப்பு கருதத்தக்கது. அதனை வடிவமைத்த ஸ்டீவ் வாஸ்னியாக், பந்தால் செங்கற்சுவரை உடைக்கும் 'பிரேக்அவுட்' என்னும் விளையாட்டின் மின்சுற்று ஒன்றை அட்டாரி நிறுவனத்துக்காக முன்னரே வரைந்தவர். அதே விளையாட்டை மின்சுற்றால் அன்றி பேசிக் மொழியின் சில வரிகளால் ஆக்கிவிட வேண்டும் என்று அவர் விரும்பினார். வண்ணம், ஒலிபெருக்கி, திருகுகுமிழ் ஆகியவை அப்பொறியில் இடம்பெற்றதற்கு அவ்விருப்பமே பெருங்காரணமாயிற்று. விளையாட்டு பொறிக்குப் பின்னர் வந்து ஒட்டிக்கொண்ட அணிகலன் அன்று. பொறியின் உருவையே வகுத்த கருவாக அது விளங்கியது. ஆதலின் 'பிரேக்அவுட்' காட்சி மேசையில் முதலிடம் பெறுதற்கு உரியது. அரை நிமிடத்தில் எவருக்கும் விளங்கிவிடும் எளிமையும் அதற்கு உண்டு.

ஆயினும் விளையாட்டால் மட்டும் பொறி விலைபோகவில்லை. 1979இல் டான் பிரிக்லினும் பாப் பிராங்ஸ்டனும் ஆக்கிய 'விசிகால்க்' என்னும் கணக்குத்தாள் நிரல், ஆப்பிள் இரண்டை வணிகரின் மேசைக்குக் கொண்டு சென்றது. ஓர் எண்ணை மாற்றியவுடன் அதனைச் சார்ந்த எல்லா எண்களும் தாமே மாறுவதைக் கண்டவர்கள், அந்த ஒரு நிரலுக்காகவே பொறியை வாங்கினர். கண்ணைக் கவரும் வண்ணம் அதில் இல்லை. பயனே அதன் கவர்ச்சியாயிற்று.

விற்பனையாளர் கண்ட வழி வேறு. 1984 ஜனவரியில் நிகழ்ந்த இரு காட்சிகள் இதற்குச் சான்றாகும். அம்மாதம் 24ஆம் நாள் மேக்கின்டாஷ் கணினி மேடையேறித் தானே தன்னை அறிமுகம் செய்துகொண்டு பேசியது. அவை ஆர்ப்பரித்தது. ஆனால், மேடையில் பேசிய பொறி 512 கிலோபைட் நினைவகம் கொண்ட முன்மாதிரி. கடைக்கு வந்த பொறியின் நினைவகமோ 128 கிலோபைட் மட்டுமே. அதே மாதம் நடந்த மின்னணுப் பொருட்காட்சியில், விற்பனைக்கு வராத அமிகா கணினியின் திரையில், சிவப்பும் வெள்ளையுமாகக் கட்டமிட்ட பெரும்பந்து சுழன்று குதித்தது. பந்தின் உருவம் ஒவ்வொரு கணமும் புதிதாக வரையப்படவில்லை. கட்டங்களின் வண்ணங்களை முறையாக மாற்றியதனால் சுழல்வதுபோன்ற தோற்றம் விளைந்தது. முன்னது, விற்கும் பொறி செய்ய இயலாததைச் செய்து காட்டியது. பின்னது, பொறியின் உண்மைத் திறனை ஓர் உத்தியால் வெளிப்படுத்தியது. காட்சி அமைப்போர் இவ்விரண்டின் வேறுபாட்டை உணர்தல் இன்றியமையாதது. பள்ளிக்காட்சியில் இடம்பெறத்தக்கது பின்னதைப் போன்றதேயாம்.

பழம்பொறியின் பெருமை அதன் மிகுதியில் இல்லை, குறைவில் இருக்கிறது. 1981இல் பிரிட்டனில் வெளிவந்த சின்கிளேர் இசட்.எக்ஸ். 81 என்னும் கணினியின் நினைவகம் ஒரே ஒரு கிலோபைட், அஃதாவது 1,024 பைட். அதிலும் ஒரு பகுதியைத் திரையும் பொறியின் சொந்தக் குறிப்புகளும் எடுத்துக்கொள்ளும். எஞ்சிய இடத்தில் டேவிட் ஹோர்ன் என்பவர் சதுரங்கம் ஆடும் நிரலை 672 பைட்டில் எழுதி முடித்தார். 1982 இறுதியிலும் 1983 தொடக்கத்திலும் அது இதழில் வெளிவந்தது. கோட்டை கட்டுதல் முதலிய சில விதிகள் அதில் இல்லை. எனினும் அது எதிராளியாக அமர்ந்து ஆடியது. இக்காலத்து ஒருங்குறி முறையில் தமிழ்க்குறி ஒவ்வொன்றும் பொதுவாக 3 பைட் கொள்ளும். 672 பைட்டில் 224 குறிகளே அடங்கும். ஏறத்தாழ 25 சொற்கள். ஒரு சிறு பத்தியளவே இடங்கொண்ட நிரல் சதுரங்கம் ஆடியது என்று சொல்லிவிட்டுப் பொறியை இயக்கினால், மாணவன் திரையை வேறு கண்ணோடு நோக்குவான்.

இவ்வரிசையில் அடுத்து வருவது 1984இல் பி.பி.சி. மைக்ரோ கணினிக்காக வெளிவந்த 'எலைட்'. கேம்பிரிட்ஜ் மாணவர்களாயிருந்த டேவிட் பிரேபென், இயன் பெல் இருவரும் ஆக்கிய விண்வெளி வாணிப விளையாட்டு அது. அதில் 8 விண்மீன் மண்டலங்கள், மண்டலத்துக்கு 256 உலகங்கள், மொத்தம் 2,048. அவற்றின் பெயரும் இயல்பும் 32 கிலோபைட் நினைவகத்தில் எழுதி வைக்கப்படவில்லை. சில தொடக்க எண்களிலிருந்து, தேவைப்படும்போது, கணக்கினால் அவை பிறந்தன. விதையிலிருந்து மரம் பிறப்பதனை ஒத்தது இம்முறை.

1982இல் வந்த கொமடோர் 64 கணினியோ ஒலியால் புகழ்பெற்றது. பாப் யானஸ் வடிவமைத்த அதன் ஒலிச்சில்லு மூன்று குரல்களில் இசைக்கும். விளையாட்டுகளின் பூட்டை உடைத்துப் படியெடுத்த ஐரோப்பிய இளைஞர் சிலர், தம் பெயரைப் பறைசாற்றும் சிறு முகப்புக் காட்சிகளை அவற்றின் முன் ஒட்டினர். நாளடைவில் அம்முகப்புகள் விளையாட்டினின்று பிரிந்து, 'டெமோ' என்னும் தனிக்கலையாக வளர்ந்தன. ஆடுவதற்கு அதில் ஒன்றுமில்லை. இயலாது என்று கருதப்பட்டதை இப்பொறியில் இயற்றினோம் என்று காட்டுவதே அதன் நோக்கம். பின்லாந்து 2020இலும் ஜெர்மனி 2021இலும் இக்கலையைத் தம் நாட்டு மரபுச் செல்வப் பட்டியலில் சேர்த்தன. களவில் தொடங்கிய ஒன்று கலையாக மதிக்கப்பெற்ற இவ்வரலாறும் மாணவர்க்குச் சொல்லத்தக்கதே.

தேர்வில் நடைமுறை நுட்பங்களும் உண்டு. ஒலிநாடாவிலிருந்து நிரல் பொறிக்குள் ஏறப் பல நிமிடங்கள் ஆகும். வகுப்பின் பொறுமை அதற்கு முன்பே தீர்ந்துவிடும். ஆதலின் முன்கூட்டியே ஏற்றி வைத்திருத்தல் நலம். ஒருமுறை மட்டும் அந்நாடாவின் கீச்சொலியைக் கேட்கச் செய்தல் வேண்டும். மலேசியத் தொலைக்காட்சி 1978இல் வண்ணம் பெற்றபோது மேற்கொண்டது நொடிக்கு 50 முறை திரையைப் புதுப்பிக்கும் பால் முறை. அமெரிக்க முறையில் அது 60. ஐரோப்பிய டெமோக்கள் 50ஐ எண்ணி ஆக்கப்பட்டவை. அமெரிக்கப் பொறியில் அவற்றை ஓட்டினால் இசை ஐந்திலொரு பங்கு விரைந்தோடும். சில காட்சிகள் சிதைந்தும் போகும். பொறியும் நிரலும் ஒரே முறையைச் சார்ந்தனவா என்று பார்ப்பது காட்சி அமைப்போரின் முதற்கடமையாகும்.

இவ்வளவும் செய்தபின்னும் ஒரு குறை எஞ்சும். மேற்கூறிய எல்லாக் காட்சிகளிலும் திரையில் தோன்றுவது ஆங்கிலம். அவற்றை மட்டும் கண்டு திரும்பும் தோட்டப்பள்ளி மாணவன், 'இப்பொறி பிறருக்காகப் பிறர் செய்தது' என்ற எண்ணத்தோடு செல்வான். திடலில் பிறர் தேர்ந்த படத்தைப் பார்த்த அவன் பாட்டனின் நிலையே அவனுக்கும் வாய்க்கும். ஆகவே கடைசிக் காட்சி தமிழாக இருத்தல் வேண்டும்.

அதற்கு விலைகொடுத்து வாங்கவேண்டிய நிரல் ஏதுமில்லை. பி.பி.சி. மைக்ரோவில் புதிய எழுத்தை வரைந்துகொள்ள வி.டி.யு. 23 என்னும் கட்டளை உண்டு. எழுத்துக்கு 8 வரிசை. வரிசைக்கு 8 புள்ளி. இடமிருந்து வலமாகப் புள்ளிகளின் மதிப்பு 128, 64, 32, 16, 8, 4, 2, 1. ஒளிரவேண்டிய புள்ளிகளின் மதிப்பைக் கூட்டினால் அவ்வரிசைக்குரிய எண் கிடைக்கும். பகரத்தின் இரு நிமிர்கோடுகளுக்கு 64உம் 2உம் கூடி 66. அதனை ஆறு வரிசைகளுக்கு இடவேண்டும். அடிக்கோட்டுக்கு 64 முதல் 2 வரை கூட்டினால் 126. கடைசி வரிசை வெறுமை, எனவே 0. டகரத்துக்கு 66க்கு மாற்றாக 64 போதும். கரும்பலகையில் கட்டம் வரைந்து, மாணவரே கூட்டிச் சொல்ல, அவ்வெண்களைத் தட்டச்சிட்டால், தமிழே அறியாத பொறியின் திரையில் பகரமும் டகரமும் ஒளிரும். கூட்டலும் எழுத்தும் கைகோக்கும் அக்கணம் எந்த விளையாட்டுக்கும் குறைந்ததன்று.

அடுத்து மூன்று சுழி ணகரத்தை வரையச் சொல்லுதல் வேண்டும். சுழிகளுக்கிடையே வெளி விட்டால் எட்டுப் புள்ளி அகலம் நிரம்பிவிடும். எழுத்து அண்டை எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும். 1982இல் வந்த சின்கிளேர் ஸ்பெக்ட்ரம் கணினியில் இவ்வாறு வரைந்துகொள்ள அளிக்கப்பட்ட இடங்கள் 21 மட்டுமே. மெய்யெழுத்துகளுக்கே 18 போய்விடும். எஞ்சிய மூன்றில் 12 உயிர்கள் எங்ஙனம் அமரும்? கு, சு, மு என எழுத்துக்கு எழுத்து வடிவம் மாறும் உகர, ஊகார வரிசைகளுக்கு மட்டும் 36 இடங்கள் வேண்டும். ஆங்கிலத்தின் 26 எழுத்துகளை எண்ணி அமைத்த அறைக்குள் 247 எழுத்துகளின் குடும்பம் நுழைய முயன்ற வரலாறு இவ்விடத்தில் மாணவனுக்குத் தானே விளங்கும்.

அவ்வறையை அகலமாக்கியவர்கள் புலம்பெயர்ந்த தமிழரும் மலாயா மண்ணின் தமிழருமே என்பது நினைவிற்கொள்ளத்தக்கது. 1984இல் கனடாவில் முனைவர் கு. சீனிவாசன் 'ஆதமி' என்னும் தமிழ் எழுதி நிரலை ஆக்கினார். 1985இல் மலேசியாவில் முத்து நெடுமாறன் தொடங்கிய 'முரசு', பின்னர் 'முரசு அஞ்சல்' எனப் பரவியது. அவர் வடித்த 'இணைமதி' எழுத்துரு ஆப்பிள் கணினிகளிலேயே இடம்பெற்றது. சிங்கப்பூர் எழுத்தாளரும் தமிழாசிரியருமான நா. கோவிந்தசாமி 'கணியன்' முறையால் 1995இல் தமிழை இணையத்தில் ஏற்றினார். 1991இல் வெளிவந்த ஒருங்குறியின் முதற்பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது. 2001இல் தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூரில் கூடியது. இன்று கைப்பேசியில் தடையின்றித் தமிழில் எழுதும் சிறுவன், இவ்வுழைப்பின் விளைவையே விரல்நுனியில் தொடுகிறான்.

ஆகவே காட்சி மேசையின் வரிசை இவ்வாறு அமைதல் தகும்: பொறி ஏன் பிறந்தது என்று உணர்த்தப் 'பிரேக்அவுட்', பயனைக் காட்டக் கணக்குத்தாள், குறைவுக்குள் நிறைவு காணும் திறனைக் காட்டச் சதுரங்கமும் 'எலைட்'டும், கலையைக் காட்ட ஒரு டெமோ, முடிவில், மாணவர் தம் கையால் இடும் ஒரு தமிழ் எழுத்து. எல்லாப் பொறியும் ஒரே இடத்தில் கிடைத்தல் அரிது. கிடைத்த ஒன்றைக் கொண்டும் இவ்வரிசையின் கருத்தைக் காக்க இயலும். காந்த நாடாக்கள் ஆண்டுதோறும் நலிகின்றன. அவற்றிலுள்ள நிரல்களை இன்றே படியெடுத்துக் காத்தல் வேண்டும். ரந்தாவின் தோட்டப்பள்ளி மாணவன் அம்மேசையை விட்டு எழும்போது, பிறர் காட்டியதைப் பார்த்தவனாக மட்டுமன்றி, பகரத்தைத் தானே ஒளிரச் செய்தவனாகவும் எழுதல் வேண்டும். அதற்கு வழி செய்யும் தேர்வே நல்ல தேர்வாகும்.